காதுக்காரரின் ஒற்றை வரி

உட்கார்ந்த இடத்தில் அவர் கால் சும்மா இருக்காது. பேருந்தில், சாப்பாட்டு மேசையில், பல் மருத்துவரின் நாற்காலியில்கூட வலது பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி அதைப் பதற்றம் என்று நினைத்தாள். ஆறு மாதம் கூடவே இருந்து கவனித்த பிறகுதான் அது தாளம் என்று புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைத் திட்டினாலும் சரி, நடத்துனர் நிறுத்தங்களை வரிசையாகக் கூவினாலும் சரி, அவர் கால் அதற்குள் ஒரு கணக்கைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மனிதர் ஒரு பாட்டுப் பாடி யாரும் கேட்டதில்லை. குளியலறையில்கூடத் தண்ணீர் சத்தம் மட்டும்தான் வரும்.

அலுவலகத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வேலை, சுருக்கெழுத்து. நிமிடத்துக்கு நூற்று நாற்பது சொல் எழுதுவார். ஊரில் எங்கே யார் மைக் பிடித்தாலும், கூட்டத்தின் மூன்றாவது வரிசையில், முழங்காலில் நோட்டு வைத்து அவர் உட்கார்ந்திருப்பார். பேசுகிறவர் சொல்வதையெல்லாம் கொக்கியும் சுழியுமாக எழுதி, மறுநாள் அலுவலகத்தில் தட்டச்சு செய்து, பொதுக்கூட்டக் கண்காணிப்புப் பிரிவின் தலைவர் மேசையில் வைக்க வேண்டும். அந்தத் தாளைப் படித்துவிட்டு மேலே இருப்பவர்கள் யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. பிரிவுக்கென்று ஒரே ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அது மந்திரிமார் கூட்டங்களுக்குப் போகும். மற்ற கூட்டங்களுக்குக் காதுக்காரர் போவார்.

அந்தப் பிரிவில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் இடைவெளி இருக்கக்கூடாது. 'இந்த இடத்தில் கேட்கவில்லை' என்று ஒருவர் எழுதினால், அவர் கூட்டத்துக்கே போகாமல் டீக்கடையில் இருந்துவிட்டு வந்தார் என்று அர்த்தம். முன்பு இருந்த ஒருவர் ஒரே தாளில் இரண்டு இடத்தில் கோடு போட்டுவிட்டு, மூன்றாவது வாரம் எல்லைச் சோதனைச்சாவடிக்குப் பெட்டி கட்டினார். அதிலிருந்து எல்லோரும் பாடம் படித்தார்கள். மைக் கரகரத்தாலும், குழந்தை வீறிட்டாலும், நோட்டில் ஒரு நெளிகோடு போட்டுக்கொள்வார்கள். தட்டச்சு செய்யும்போது அந்த இடத்தில் பொருத்தமாக எதையாவது போட்டு நிரப்பிவிடுவார்கள். பெரும்பாலும் 'கூட்டத்தினருக்கு நன்றி தெரிவித்தார்' என்று போடுவது வழக்கம். அந்தப் பிரிவின் கோப்புகளை நம்பினால், நம் பேச்சாளர்களைப் போல நன்றியுணர்ச்சி உள்ளவர்கள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

பேச்சென்றால் நன்றி தெரிவிக்கலாம். பாட்டென்றால் என்ன செய்வது? அந்தக் கேள்வி அவருக்கு அதுவரை வந்ததில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பெண்கள் குடியிருக்கும் தெருவில் கூட்டம். மேட்டில் இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து புதிய அலுவலகங்களுக்குப் போகும் குழாய் அவர்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. வாசலோடு போகிறதே தவிர, நிற்பதில்லை. வால்வு அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. மனு கொடுத்துப் பார்த்தார்கள், மறுமனுவும் கொடுத்துப் பார்த்தார்கள், கடைசியில் மைக் வாடகைக்கு எடுத்தார்கள். நாலைந்து பேர் பேசினார்கள். எல்லாம் கேட்டுச் சலித்த பேச்சு. காதுக்காரரின் பென்சில் பாதித் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெந்நீரிலும் காரத்திலும் ஊறி ஊறி முழங்கைவரை தோல் வெளுத்திருந்தது. எல்லோரும் அவளைச் சலவைக்கார அக்கா என்றார்கள். மைக்கைக் கையில் வாங்காமல், அதிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்று பாடினாள்.

குழாயிது போகுது எங்க தெருவுல
குளிர்ந்த தண்ணி யாரு வீட்டுக்கு?
தோண்டிப் புதைச்சது எங்க கையிதான்
தொண்டை காயுது, யாரு கேக்குறா?
மேட்டுல நிக்குது பெரிய தொட்டிதான்...

காதுக்காரரின் கால் நின்றுவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு அது தானாக நின்றது. சரியாக அந்த நேரத்தில் ஜல்லி லாரி ஒன்று பின்கதவு தடதடக்கத் தெருவோடு போனது. அடுத்த அடி அவர் காதில் விழவில்லை. லாரி போய்த் தூசி அடங்கியபோது அவள் மறுபடியும் 'குழாயிது போகுது' என்று முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள். நோட்டில் ஒரு நெளிகோடு போட்டார். இரண்டாம் முறை பாடுவாள், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். அதற்குள் மைக்குக்காரருக்கு யாரோ சைகை காட்ட, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஐந்து அடியும் ஓடின. ஆறாவதில் விரல் நின்றது. அவருக்கு அது பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது. ஐந்து அடி நடந்து வந்த பாட்டு ஆறாவதில் நொண்டக்கூடாது. 'மேட்டுல' என்ற சொல்லுக்கு எதுகையாக ஒரு ஜோடி வேண்டும். பாட்டு, கூட்டு, ஓட்டு, பூட்டு. பூட்டு. வால்வு அறையின் பூட்டை முந்தின நாள் வரும் வழியில் பார்த்திருந்தார். புதுசு, பித்தளை, ஒரு கைப்பிடி அகலம். மேசைக்கு அடியில் பாதம் தட்டத் தொடங்கியது. யோசித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. விரல்கள் போய்விட்டு வந்தன. தாளில் இப்படி இருந்தது:

பூட்டு உங்களுது, சுத்தியல் எங்களுது.

இரண்டு தடவை படித்தார். அடி சரியாக உட்கார்ந்திருந்தது. தச்சனுக்குக் கதவு சட்டத்தில் உரசாமல் பொருந்தினால் ஒரு நிறைவு வருமே, அப்படி ஒரு நிறைவு. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. தாளை உருவி, மூன்று நகலோடு தலைவர் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இதுதான் அவர் செய்தது. அவரைத் தெரிந்தவர்கள் அப்புறம் பல விதமாகச் சொன்னார்கள். துணிந்து செய்தார் என்றும், தூண்டிவிட்டு வேடிக்கை பார்த்தார் என்றும் கதை கட்டினார்கள். எதுவும் இல்லை. சந்தம் இடித்தது, சரி செய்தார்.

மூன்றாம் நாள் சலவைக்கார அக்காவைக் கூடத்திலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அரசாங்கச் சொத்தை உடைக்கும்படி ஜனங்களைத் தூண்டியதாக வழக்கு. ஆதாரம், ஆறாவது அடி. பாட்டின் மற்ற ஐந்து அடியும் வெறும் புலம்பல், அதில் சட்டத்துக்கு வேலை இல்லை என்று அரசு வக்கீலே சொல்லிவிட்டார். அந்த ஒரு வரியைக் கோர்ட்டில் வாசித்தார்கள். வாசித்ததைப் பத்திரிகைகள் கட்டம் கட்டிப் போட்டன. அதுவரை ஒரு தெருவுக்குள் கிடந்த பாட்டு, அரசாங்கச் செலவில் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

காதுக்காரர் பத்திரிகையை நாலாக மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு கழிப்பறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது மகள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். இஸ்திரிப் பெட்டி முன்னும் பின்னும் போக, வாய் பாடிக்கொண்டிருந்தது. பூட்டு உங்களுது, சுத்தியல் எங்களுது.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். வகுப்பில் எல்லோரும் பாடுவதாகச் சொன்னாள். அப்புறம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மத்ததெல்லாம் சுமார்தான்பா. இந்த ஒரு வரிதான் ஆளை உலுக்குது," என்றாள்.

அவருக்குக் காது மடல் சூடேறியது. பெருமைதான், வேறென்ன. ஐம்பது வயதில் முதல்முறையாக ஒருவர் அவர் எழுதியதைப் பாராட்டுகிறார், அதுவும் பெற்ற பெண். அந்தப் பெருமை தொண்டைக்குக் கீழே இறங்குவதற்குள், அந்த வரிக்காக உள்ளே உட்கார்ந்திருப்பவளின் வெளுத்த கைகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. பாராட்டு பாதி வழியிலேயே புளித்துப்போயிற்று.

மறுவாரம் இன்னொன்று நடந்தது. ஊரின் மறுகோடியில், வேறு ஒரு மேட்டில், வேறு ஒரு தொட்டியின் பூட்டை யாரோ சுத்தியலால் உடைத்துவிட்டார்கள். சலவைக்கார அக்காவுக்கு ஜாமீன் கேட்ட வக்கீலிடம், பாட்டு வேலை செய்கிறது பார்த்தீர்களா என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஐந்து வருஷம்வரை கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

காதுக்காரருக்கு உறக்கம் போயிற்று, பசி போயிற்று. கடைசியில் ஒரு நப்பாசை பிடித்துக்கொண்டது. தான் கேட்காத அந்த ஆறாவது அடியில் அவள் என்னதான் பாடினாள்? ஒருவேளை அதுவும் இதே காரமாக இருந்தால்? பூட்டு என்பதற்குப் பதில் கதவு என்றோ, சுத்தியல் என்பதற்குப் பதில் கடப்பாரை என்றோ பாடியிருந்தால், தான் செய்தது பெரிய பாவம் இல்லை. சொல்தான் மாறியது, குற்றம் மாறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு சமாதானத்தைத் தேடி, மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனார்.

உள்ளே நீராவி முகத்தில் அறைந்தது. கொதிகலன்கள் ஒரு பக்கம், பிழியும் இயந்திரங்கள் ஒரு பக்கம், நடுவில் நீள மேசை. இரண்டிரண்டு பேராக நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை பிடித்துப் பின்னால் சாய்ந்து விறைப்பாக இழுக்கிறார்கள். சுருக்கம் போக நாலு உதறு உதறுகிறார்கள். பிறகு எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கிறார்கள். வாய்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. அவருக்குப் பாட்டு புரிவதற்கு முன்னால் கால் தட்டத் தொடங்கிவிட்டது.

ஒல்லியான ஒரு பெண்ணிடம், தான் பாட்டுகள் சேகரிப்பவர் என்று ஒரு பொய்யைச் சொல்லி, முன்பெல்லாம் அந்த ஆறாவது அடி எப்படி இருக்கும் என்று கேட்டார். அவள் எதிரே நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கே ஒண்ணுமே இருக்காது சார். தொட்டிதான்னு இழுத்தா, நாலு உதறு. படீர் படீர் படீர் படீர். மேடையில துணி இல்லையில்ல, அதனால கை தட்டினோம். வார்த்தையே கிடையாது. அக்கா அதைப் பாடலைன்னு எத்தனை தடவை சொல்லியும் போலீஸ்ல ஒருத்தரும் நம்பலை. இப்போ அக்கா உள்ளே போனப்புறம்தான் வரி வந்திருக்கு."

"யாரு போட்டது?"

"யாருக்குத் தெரியும். போட்டவன் நல்லா இருக்கட்டும், நாசமாவும் போகட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் விரிப்பை உதறினாள்.

லாரியின் தடதடப்புக்குள் இருந்தது பாட்டு வரி அல்ல, கைத்தட்டல். வெறும் நாலு கைத்தட்டல். அதை யாராலும் கைது செய்ய முடியாது. அவர் கூடத்தை விட்டு வெளியே வந்து, எந்தப் பேருந்து என்று பார்க்காமல் ஏறி, ஊருக்கு வெளியே கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் எழுப்பி இறக்கிவிடும்வரை உட்கார்ந்திருந்தார்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. விடைத்தாள் திருத்திக்கொண்டே முழுவதையும் கேட்டாள். நடுவில் சிவப்புப் பேனா நின்றதே தவிர, தலை நிமிரவில்லை. கடைசியில் பேனாவை மூடினாள்.

"இருபத்திரண்டு வருஷமா வாயைத் திறக்காத மனுஷன். திறந்தா பூட்டை உடைன்னுதான் வருமா உங்களுக்கு?"

மேசைக்கு அடியில் அவர் பாதம் தட்டத் தொடங்கியது.

"காலை ஆட்டாதீங்க. இப்போ என்ன செய்யப் போறீங்க?"

அதுதான் தெரியவில்லை என்றார். கோர்ட்டில் உண்மையைச் சொன்னால் பொய் ஆவணம் தயாரித்த குற்றம். வேலை போகும், ஓய்வூதியம் போகும், ஒருவேளை தானே உள்ளே போக வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் சலவைக்கார அக்கா உள்ளே போவாள். மனைவி விடைத்தாள் கட்டின் ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். அவளுக்கும் பயம்தான், மகளின் படிப்பு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. "நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா முடிவு பண்ணிட்டு எங்கிட்டச் சொல்லுங்க. பத்திரிகையில படிச்சுத் தெரிஞ்சுக்கிற மாதிரி வெச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தாள். அன்று திருத்தியதில் மூன்று பையன்களுக்குக் கூட்டல் தப்பாகப் போட்டுவிட்டதாக மறுநாள் சொன்னாள்.

சாட்சி சொல்ல வரும்படி கோர்ட்டிலிருந்து ஓலை வந்தது. பிரிவுத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். தலைவர் கெட்ட மனிதர் இல்லை. அலுவலகத்தில் யாருக்குப் பல்வலி வந்தாலும் தன் மேசையிலிருந்து கிராம்புத் தைலம் கொடுக்கிறவர். அன்று முகமெல்லாம் பல்லாக இருந்தார். கோப்பு மேல்மாடிவரை போயிருக்கிறதாம். இவ்வளவு துல்லியமாக ஒரு பாட்டைப் பிடித்தவர் யார் என்று கேட்டார்களாம். முதுநிலைப் பதவி உயர்வுக்குப் பெயர் எழுதியாயிற்றாம். காதுக்காரர், அந்த ஆறாவது வரி கொஞ்சம் சத்தத்துக்கு நடுவில் கேட்டது என்று இழுத்தார்.

தலைவரின் பற்கள் உள்ளே போயின. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ கேட்டே. நோட்டுல இருக்கு. உன் நோட்டு உன்னைத் தவிர யாருக்கும் புரியாது. கூண்டுல ஏறு, நோட்டைப் பாத்து வாசி, இறங்கு. அவ்வளவுதான்யா."

"சார், நோட்டுல..."

"நோட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாம்," என்றார் தலைவர். அதைச் சொல்லும்போது அவர் காதுக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது இவருக்கும் தெரிந்துவிட்டது.

விசாரணை நாளன்று கோர்ட் நிரம்பி வழிந்தது. பின்வரிசை முழுக்கச் சலவைக்கூடத்துப் பெண்கள். ஒல்லியானவள் இவரை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். பாட்டு சேகரிப்பவர் சாட்சிக் கூண்டை நோக்கி நடந்து போவதைப் பார்த்து அவள் முகம் மாறிய விதத்தை அவர் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டார். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி, முடிவு பண்ணியாயிற்றா என்று கேட்டிருந்தாள். இன்னும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். அது பொய் இல்லை.

அரசு வக்கீல் நோட்டைக் கையில் கொடுத்து, அன்று நடந்ததை வாசிக்கச் சொன்னார். காதுக்காரர் வாசித்தார். பேச்சுகள் எல்லாம் முடிந்து பாட்டு வந்தது. தகவல் சொல்வதுபோலத் தட்டையான குரலில் குழாயிது போகுது என்று ஆரம்பித்தார். இரண்டாவது அடியிலேயே குரல் சொன்னபடி கேட்கவில்லை. தானாக ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது. கூண்டின் பலகைக்கு அடியில் பாதம் தட்டுவது கோர்ட்டுக்கே கேட்டது. எழுத்தர்கூட நிமிர்ந்து பார்த்தார். தோண்டிப் புதைச்சது, தொண்டை காயுது, மேட்டுல நிக்குது பெரிய தொட்டிதான்.

நிறுத்தினார். நோட்டில் நெளிகோடு புழுவைப்போலக் கிடந்தது. கால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தன் கால் தட்டிய அந்த நாலு தட்டும் சலவைக்கூடத்தில் கேட்ட நாலு உதறும் ஒன்றாக இருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். இதற்கு மேல் ஒரு சொல் அங்கே வைக்க இடமில்லை.

"மேலே வாசிங்க," என்றார் வக்கீல்.

"அவ்வளவுதாங்க."

"இன்னும் ஒரு வரி இருக்கே."

"இங்கே நெளிகோடு போட்டிருக்கேன். நெளிகோடுன்னா சத்தம். வார்த்தை இல்லைங்க."

வக்கீல் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் தன் பூட்ஸின் முனையைப் பார்த்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதான மனிதர், காலையிலிருந்து மூன்று நிலத் தகராறு கேட்டுக் களைத்திருந்தார். பிறகு தட்டச்சுத் தாளைத் தூக்கிக் காட்டி, அப்படியானால் இந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"நான் போட்டதுங்க."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க. சந்தம் இடிச்சுது."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. சலவைக்கார அக்காவைப் பார்த்து, இந்த வரியைப் பாடினாயா இல்லையா என்று நேரடியாகக் கேட்டார். அவளுடைய வக்கீல் எழுந்து பதில் சொல்லப் பார்த்தார். அவள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள். ஏழு வார உள்வாசத்தில் கன்னம் ஒட்டியிருந்தது.

"அன்னைக்குப் பாடலைங்க. இப்போ வேணும்னா பாடறேன்."

"இப்போ வேண்டாம்," என்றார் நீதிபதி அவசரமாக.

பிறகு மறுபடி கூண்டைப் பார்த்துத் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை, தனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போலக் கேட்டார்.

"எங்களுதுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த எங்கள்ல நீங்களும் உண்டா?"

காதுக்காரர் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லிவிட்டால் சுலபம். பாட்டு அவர்களுடையது, அவர்கள் குரலில் ஒரு அடி எழுதினேன், அவ்வளவுதான் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். பாதி உண்மையும்கூட.

"எழுதும்போது யோசிக்கலைங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அப்படி ஒரு வரி சும்மா வந்துடாதுங்க," என்றார்.

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். சலவைக்கார அக்காவை அப்போதே விடும்படி உத்தரவாயிற்று. சாட்சியை என்ன செய்வது என்பதைத் துறை விசாரித்து ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அதுவரை தற்காலிக வேலை நீக்கம்.

வெளியே படிக்கட்டில் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், அவள் எடை குறைந்ததைக் கிள்ளிப் பார்த்தார்கள். அவர் சுவரோரமாக நழுவப் பார்த்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"அது கிடக்கட்டும் சார்," என்றாள் அவள். "உங்க வரியால ஏழு வாரம் மூட்டைப்பூச்சிக் கடி. இப்போ அரசாங்க ஆளு எழுதினதுன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டீங்க. இனிமே அதைப் பாடினா எங்களைப் பாத்து ஊரே சிரிக்கும். இதையாவது முன்கூட்டி யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை என்றார்.

"நீங்க எதைத்தான் யோசிச்சீங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். நாலு படி இறங்கியவள் நின்று, திரும்பாமலேயே, "வரி நல்லாத்தான் இருக்கு," என்றாள். நன்றி அதில் இருந்ததா, திட்டு இருந்ததா என்று அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை.

அங்கிருந்தே தொலைபேசியில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு மனைவியிடம் சொன்னார். பத்திரிகைக்கு முன்னால் சொல்லிவிட்டார், அந்த மட்டில் வாக்குத் தவறவில்லை. மறுமுனையில் மணி அடித்தது, பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்; ஆனால் போனை உடனே வைக்கவில்லை.

வேலை நீக்கம் ஆனவர் வீட்டில் இருக்க வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கே தலைவரிடமிருந்து ஆள் வந்தது. உடனே புறப்பட்டு வரவேண்டும் என்று. காரணம் எளிது. பதிவறையில் காதுக்காரரின் நோட்டுகள் நூற்றுப் பதினாறு இருந்தன. அவற்றை நம்பி நடக்கும் வழக்குகள் இன்னும் ஒன்பது. இரண்டாம் மேசைக்காரரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவருக்கு இந்தக் கொக்கியில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆளை வெளியே தள்ளியாயிற்று, எழுத்தைத் தள்ள முடியவில்லை.

"உன்னை எப்படி வைக்கிறதுன்னும் தெரியல, எப்படி விடுறதுன்னும் தெரியல," என்றார் தலைவர். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. ஒவ்வொரு நோட்டையும் வாசித்து, நெளிகோடு உள்ள இடங்களையெல்லாம் தட்டச்சுத் தாளோடு ஒப்பிட்டுப் பட்டியல் போட வேண்டும். சம்பளம் கிடையாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் கிடையாது. மேல்மாடி உத்தரவு.

மறுத்திருக்கலாம். ஆனால் முந்தின நாளிலிருந்தே அவருக்கு அதுதான் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. நன்றி தெரிவித்தார் என்று போட்ட இடங்கள் போகட்டும். எல்லா இடத்திலும் நன்றிதான் போட்டாரா? இருபத்திரண்டு வருஷத்தில், அவசரத்தில், அரைத்தூக்கத்தில், இந்த இடத்துக்கு இதுதான் பொருந்தும் என்று விரல்கள் தாமாகப் போய்விட்டு வந்த தருணங்கள் எத்தனை? அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு யார் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? நினைவில்லை. நினைவில்லாததுதான் பயமாக இருந்தது.

பதிவறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் உயரத்தில் சாலை. போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். மேசையை இழுத்துப் போட்டு, ஒரு பக்கம் நோட்டுகள், ஒரு பக்கம் தட்டச்சுத் தாள்கள் என்று அடுக்கிக்கொண்டார். மிகப் பழைய நோட்டைப் பிரித்தார். அட்டையில் தன் இளவயதுக் கையெழுத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது பக்கத்திலேயே ஒரு நெளிகோடு இருந்தது. ஒரு பேருந்து ஓட்டுநர், வேலைநிறுத்தக் கூட்டத்தில் பேசியது. தட்டச்சுத் தாளைத் தேடி எடுத்தார். அந்த இடத்தில் ஒரு முழு வாக்கியம் இருந்தது. அது நன்றி இல்லை. இரண்டு முறை படித்தார். நல்ல வாக்கியம், ஓட்டுநர் பேசுகிற மாதிரியே இருந்தது. அவர் பேசியதா, தான் எழுதியதா?

காதுக்காரர் நோட்டை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, படியேறி, வழக்குக் கோப்புகள் இருக்கும் மூன்றாவது மாடிக்குப் போனார். அந்த ஓட்டுநர் இப்போது எங்கே இருக்கிறார், விலாசம் கிடைக்குமா என்று கேட்பதற்கு.